கல்லு மூஞ்சி பழகிய கதை

சீட்டில் தோற்றுக்கொண்டே இருப்பவன் ஒன்று ஆட்டத்தை விட வேண்டும். இல்லை, ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் கெட்டேன்.

மலாயாவில் ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு. காலையில் பால் வெட்டு. மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மூங்கில் நிழலில் சாக்கை விரித்து உட்காருவோம். கை கழுவக்கூடப் பொறுக்காது எனக்கு. விரலில் காய்ந்துபோன பாலை உரித்து உருட்டிக்கொண்டே விளையாடுவேன்.

ஆட்டம் மூணு சீட்டு. நல்ல சீட்டு வந்தவன் மற்றவர்களை ஆசை காட்டி உட்கார வைக்க வேண்டும். வெறும் சீட்டு வந்தவன் மிரட்டி எழுப்பிவிட வேண்டும். எனக்கு இரண்டும் நடக்காது. நல்ல சீட்டு வந்தால் எல்லோரும் கவிழ்த்துவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விடுவார்கள். வெறும் சீட்டை வைத்து மிரட்டினால் கோயில் தூண் மாதிரி அசையாமல் இருப்பார்கள். (சாமிக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன். சாமி பாவம்.)

சுருட்டு போனது. முட்டை போனது. முட்டையிட்ட கோழியும் போனது. கடைசியில் கொசுவலை போனது.

அந்த வலை என் மாமனார் வாங்கித் தந்தது. அவர் லுக்குட்டில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். எங்கள் தோட்டத்தில் கொசு சும்மா கடித்துவிட்டுப் போகாது. ஆளைக் காய்ச்சலில் கொண்டுபோய்விடும். என் சம்சாரம் அஞ்சலை அப்போது நிறைமாசம். பிள்ளைக்கு என்றுதான் வலை வந்தது. அதை வைத்துத்தான் ஆடினேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

"வலை எங்க?" என்றாள் அஞ்சலை.

"முனியன் வீட்டுல."

முனியன் ரப்பர் உலர்த்தும் புகைவீட்டில் வேலை செய்கிறவன். எங்களில் அதிகம் ஜெயிக்கிறவன்.

"அங்க எப்படிப் போச்சு? கொசுவா தூக்கிட்டுப் போச்சு?"

நான் வாளியை எடுத்துக் கழுவப் போனேன்.

"இந்தா பாருங்க. ஒண்ணு சீட்ட விடுங்க. இல்ல, பெரிய ஆட்டக்காரரா ஆயி வலைய ஜெயிச்சுக் கொண்டாங்க. புள்ள வர்றதுக்குள்ள."

அவள் இரண்டாவதைச் சொன்னது திட்டு. நான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலையின் அண்ணன் சின்னையாவும் எங்களோடு ஆடுகிறவர்தான். அவரிடம் கேட்டேன்.

"மச்சான், நான் ஏன் தோக்குறேன்?"

அவர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார். "மூஞ்சிதான் மாப்ள. சீட்டு என்னான்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கு. கல்லு மாதிரி வச்சுக்க. எல்லாம் சரியாப் போயிரும்லா."

(சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.)

மறுநாளே பழகத் தொடங்கினேன். ரப்பர் இலை தெரியுமா? ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும். சீட்டுப் பிடிக்கத் தோதானது. ஒவ்வொரு மரத்தையும் வெட்டி முடித்ததும் ஓர் இலையை எடுத்துக் கையில் விரித்துப் பிடிப்பேன். மூன்றும் ராஜா என்று நினைத்துக்கொள்வேன். மூஞ்சி அசையக்கூடாது. அடுத்த மரத்தில் மூன்றும் குப்பை. அப்போதும் அசையக்கூடாது.

ஒரு நாள் பின்னால் எங்களை மேய்க்கிற மண்டோர் நின்றிருந்தார்.

"என்னாடா, மரத்துக்கு இலைய காட்டிக்கிட்டு இருக்க? அதுக்குத் தெரியாதா அது இலைன்னு?"

நான் மூஞ்சியை அசைக்கவில்லை. அதனால் அவர் பயந்துபோய் என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரிடம் அனுப்பினார். டிரசர் காய்ச்சல் என்று கொய்னா மருந்து ஊற்றினார். உலகத்திலேயே கசப்பு அதுதான். கல்லாக விழுங்கினேன். "வாயில படலியா?" என்று இன்னொரு முறை ஊற்றினார். அதையும் விழுங்கினேன். அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. (மடையன்.)

அந்த வாரமே பிள்ளை பிறந்தது.

பிரசவத்துக்கு லுக்குட்டிலிருந்து அத்தை வந்திருந்தார், அஞ்சலையின் அம்மா. நான் வாசலில் நின்றேன். சின்னையாவும் முனியனும் கூட நின்றார்கள். அத்தை துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கண்ணெதிரே நீட்டினார்.

"பொம்பளப் புள்ள."

எனக்குள் வாளி நிரம்பி வழிந்தது. அதுதான் உண்மை. ஆனால் முனியன் பக்கத்தில் நிற்கிறானே. நல்ல சீட்டு வந்திருக்கிறது, காட்டாதே என்றது புத்தி. பிள்ளையைப் பார்க்கும்போது வர வேண்டிய புத்தியா அது? மூஞ்சி கல்லாகவே நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அத்தை பொறுத்துப் பார்த்தார். பிறகு துணியை மூடினார்.

"ஏன் அத்தை..." என்றேன்.

"ஒண்ணும் வேணாம். பொட்டப்புள்ளன்னதும் மூஞ்சி செத்துப் போச்சு. எம்மவளுக்கும் அது காதுல விழட்டும்."

விழுந்தது. அஞ்சலை என்னோடு பேசவில்லை. தீட்டுக் கழித்த மறுநாள் அத்தை அவளையும் பிள்ளையையும் மாட்டு வண்டியில் ஏற்றினார்.

"வலையும் இல்ல, மூஞ்சியும் இல்ல. எதுக்கு இங்க இருக்கணும்?" என்றார்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வலையை ஜெயித்துக்கொண்டு லுக்குட் போகலாம் என்று மூங்கில் நிழலுக்குப் போனேன்.

உண்மையிலேயே மூன்று ராஜா வந்தது. இலை இல்லை, சீட்டு. மூஞ்சி கல். அப்படியொரு கல்லை அந்தத் தோட்டம் கண்டதில்லை. சத்தமில்லாமல் விரலை உரித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"படுத்துட்டேன்," என்றான் முனியன். எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துப் படுத்துவிட்டார்கள். அடுத்த ஆட்டம் குப்பை. கையும் காலும் அசையாமல் மிரட்டினேன். முனியன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். என் குடையும் போயிற்று. எழுந்து வரும்போது பார்த்தேன், அவன் வீட்டு வாசலில் கருவாடு காய்ந்தது. ஈ மொய்க்காமல் மேலே என் கொசுவலை.

ரந்தாவிலிருந்து லுக்குட் நடந்து போகிற தூரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். மழை பெய்தது.

அத்தை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே பார்த்துச் சொன்னார். "இப்பவும் அதே மூஞ்சியோடதான் வந்திருக்காரு."

அஞ்சலை பிள்ளையோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. பல்வலிக்காரன் மாதிரி இருந்ததாக அத்தை பின்னால் சொன்னார். எனக்கு எப்போதுமே பேச்சு வராது. பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூக்கு அதற்கு. பாவம்.

அஞ்சலை என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. குனிந்து என் கையைப் பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அம்மா, இங்க வந்து பாரு. இவருக்கு நல்ல சீட்டு வந்திருக்கு."

குனிந்தேன். என் கட்டைவிரல் மற்ற விரல்களை உரித்துக்கொண்டிருந்தது. அன்று பால் வெட்டவே இல்லை. விரலில் உரிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் உரித்தது.

"நல்ல சீட்டுன்னா உரிப்பீங்க. வெறும் சீட்டுன்னா கை செத்துரும். லயத்துக்கே தெரியும்," என்றாள்.

"லயத்துக்கேவா?"

"மண்டோருக்குக்கூட."

"சின்னையா மச்சான் மூஞ்சின்னு சொன்னாரே?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். விரல்னு தெரிஞ்சா ஜெயிப்பீங்க. ஜெயிச்சா எப்ப விடுவீங்க? புள்ளகிட்டயும் அதே மூஞ்சியக் காட்டுவீங்கன்னு நான் கண்டனா?" அவள் சிரிப்பு நின்றது. "புள்ள பொறந்தன்னிக்கு நான் உள்ள கெடந்தேன். கையப் பாக்கல. அம்மா சொன்ன மூஞ்சிய நம்பிட்டேன்."

எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போகலாம் போலிருந்தது.

அத்தை உள்ளே போய் ஒரு புது வலையைக் கொண்டுவந்தார். என்னிடம் தரவில்லை. மகளிடம் தந்தார். "இது பேத்திக்கு. அந்தாளு கையில குடுக்காத," என்றார்.

நாங்கள் மூவரும் வண்டியில் தோட்டத்துக்குத் திரும்பும்போது எனக்கு ஒன்று தோன்றியது. கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டால் இனி முனியன் கதை முடிந்தது. நிஜமாகத் தோன்றியது. அஞ்சலை பிள்ளையை என் மடியில் போட்டாள். கையை வைக்க இடமில்லை. அத்தோடு சீட்டை விட்டேன். மூஞ்சி மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அந்தப் பிள்ளைக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் என் எதிரில் உட்கார்ந்து, "பெரியவருக்குச் சம்மதமா, தெரியலியே," என்று முழித்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து என் மகள் எட்டி என் கையைப் பார்த்தாள். காபி கொண்டுவர உள்ளே போய்விட்டாள்.

இன்றைக்கும் வீட்டில் யாரும் என்னிடம் பிடித்திருக்கிறதா என்று கேட்பதில்லை. பேரப்பிள்ளைகள் நேராக வந்து என் கையைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள்.