சஹன் மூடிக்குள் நாலு தவளை

கல்யாண வீட்டில் என்ன கூத்தடித்தாலும் சனம் ஒரு வருடத்தில் மறந்துவிடும். மணமகளின் சாரியை மிதிக்கலாம், இனிப்பு வட்டிலப்பத்தைக் கவிழ்க்கலாம். ஆனால் ஆறு பேர் ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சோற்றுத் தட்டான சஹனைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பிஸ்மி சொல்லுமுன் அதன் மூடியைத் திறந்து பார்க்கக் கூடாது. நான் ஒரு பந்தலில் இருந்த மூடிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திறந்து பார்த்தவள். (பசியினால் அல்ல. இதை எத்தனை தரம் சொன்னாலும் எங்கள் ஊரில் ஒருவரும் நம்புவதில்லை.)

அப்போது புத்தளம் பக்கம் ஒரு சின்ன நூதனசாலையில், அதாவது அருங்காட்சியகத்தில், உதவிக் காப்பாளராகப் புதிதாய்ச் சேர்ந்திருந்தேன். தவளை, தேரை எல்லாம் என் பொறுப்பு. அவற்றைப் பாதுகாப்பதும், அவற்றைப் பற்றிச் சனங்களுக்குச் சொல்வதும்தான் வேலை. இரண்டாவது வேலையை நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், "தவளை தோலாலயும் மூச்செடுக்கும், தெரியுமா?" என்று தொடங்கிவிடுவேன். அவர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிடுவார்.

மாம்புரியில் ஹலீமா மாமியின் மிளகாய்த் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. மாமி உம்மாவின் பழைய கூட்டாளி. மழை பெய்தால் அந்தக் குட்டைக்கு மேலே சாய்ந்த இலைகளில் மரத்தவளைகள் சவர்க்கார நுரை போலக் கூடு கட்டும். எனக்கு அது சொர்க்கம். மாமிக்கு அது "அந்தச் சேத்துக் குழி". மண் போட்டு மூடி, இன்னும் கொஞ்சம் மிளகாய் நடப் போவதாகச் சொன்னார்.

"மாமி, மிளகாயத் திங்கிற பூச்சிய இந்தத் தவளதான் திங்குது."

"பூச்சிக்குக் கடையில மருந்து இரிக்கு மகள்."

நான் விடவில்லை. கடைசியில் மாமி களைத்துப்போனார்.

"சரி, எங்கட மகள்ர கல்யாணத்துக்கு வாங்க. சாப்பாட்டுக்குப் பொறகு பொம்புளயள் சும்மாதான் இரிப்பாங்க. ஒங்கட தவளக் கதையச் சொல்லுங்க. மனசுக்குப் பட்டா பாப்பம். படாட்டி அடுத்த நாள் மண் லொறி வரும்."

குட்டையின் உயிர் என் பேச்சில்! கண்ணாடி முன் நின்று பேச்சை வரிவரியாகப் பாடமாக்கினேன். அந்தக் குட்டையிலேயே பிடித்திருந்த நாலு மரத்தவளைகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, உம்மாவோடு பஸ் ஏறினேன். பாலாவியில் ஏறிய ஒருவர் தேங்காய்ச் சாக்கை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்தார். தவளைகள் தப்பின. பெட்டி தப்பவில்லை. மிச்சத் தூரம் முழுக்க அதை முந்தானையால் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன்.

வேறு பெட்டி தேடிக் கல்யாண வீட்டுக் குசினிக்குள் ஓடினேன். அங்கே ஒரு வெறும் சஹன் தட்டு, பக்கத்தில் ஓலையால் பின்னிய மூடி. என் மூளை பளிச்சிட்டது. காற்றுப் போகும், இருட்டாக இருக்கும், ஈரம் காயாது. தவளைக்கு இதைவிட நல்ல மாளிகையை எந்த நூதனசாலை கட்டியிருக்கிறது? தட்டில் ஈரமணல் பரப்பி, இலை போட்டு, தவளைகளை வைத்து மூடினேன். தூக்கிப் பார்த்தால் பாரம் சரியாக ஒரு சஹன் சோற்றின் பாரம். (அதையும் அப்போது ஒரு சிறப்பாகவே நினைத்தேன்.) பிறகு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் குசினி வெறுமை. எல்லாச் சஹனும் பந்தலுக்குப் போய்விட்டது.

பெண்கள் பக்கம் பாய் விரித்து, வரிசையாக ஒரே மாதிரியான சிவப்புப் பச்சை மூடிகள். "தவள!" என்று கத்தினால் பந்தலே காலி, குட்டையும் காலி. ஆகவே பரிமாறுகிறவள் போல நடித்து, குனிந்து குனிந்து ஒவ்வொரு மூடியாகத் தூக்கினேன். சோறு. சோறு. கோழி. சோறு.

"என்ன புள்ள தேடுறீங்க?"

"இறைச்சி எல்லாருக்கும் காணுமா எண்டு பாக்கிறன் சாச்சி."

"பெரிய துண்டு எங்க எண்டு பாக்கிறாவாக்கும்!" என்றது பின்னால் ஒரு குரல்.

"பாவம், நூதனசாலையில சம்பளம் குடுக்கிறல்ல போல."

சிரிப்பு பாய்க்குப் பாய் தாவியது. உம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "மகள், ஒனக்கு நான் ஊட்டுல சோறு போடல்லயா?"

மிச்சமிருந்தது ஒரே ஒரு சஹன். அதன் முன்னால் ஹலீமா மாமி, அவருக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் உம்மா, கை நிறையக் காப்பு.

"மாமி, இந்தச் சஹன மாத்தித் தரட்டா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் உம்மாவுக்குக் கேட்டது. "ஏன் மகள், இதுலயா அந்தப் பெரிய துண்டு?"

மாமி பிஸ்மி சொல்லி மூடியைத் தூக்கினார்.

ஆறு பெண்களும் நாலு தவளைகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அசைந்தது தவளை. ஒன்று மாமியின் மடிக்கு, ஒன்று சோடாப் போத்தலுக்கு, ஒன்று எங்கோ. நாலாவது நேரே மாப்பிள்ளை உம்மாவின் தோளில் ஏறி, அங்கேயே குடியிருக்க வந்தது போல ஒட்டிக்கொண்டது. பந்தல் அலறியது. நான் நாலு காலில் தவழ்ந்தேன். பாடமாக்கிய பேச்சு வேறு என்னை மீறித் தானாக வந்துகொண்டிருந்தது: "பயப்படாதீங்க! கடிக்காது! இது தோலாலயும் மூச்செடுக்கும்!"

தோளில் தவளையோடு மாப்பிள்ளையின் உம்மா சிலையாக இருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சம்பந்தி, இது என்ன?"

ஹலீமா மாமியின் முகத்தில் நிறங்கள் மாறுவதைப் பார்த்தேன். இவ்வளவு பேர் முன்னால் சம்பந்திக்கு மணலும் தவளையும் வைத்தாயிற்று. மன்னிப்புக் கேட்பதா, மானத்தைக் காப்பதா? மாமி முந்தானையைச் சரிசெய்தார்.

"இதுவா? இது எங்கட குளத்துத் தவள. லேசுல எங்கயும் காணேலா. நூதனசாலையில இருந்து படிச்ச ஆக்கள் எங்கட ஊட்டுக்கு வந்து பாக்கிறது. ஒங்களுக்குக் காட்டத்தான் கொண்டரச் சொன்னன். என்ன மகள்?"

(அது லேசாக எங்கேயும் காணக்கூடிய தவளை. பல வீடுகளில் கக்கூசிலேயே இருக்கும்.)

"ஓம் மாமி," என்றேன். என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சின்ன விரிவுரை அதுதான்.

"மாஷா அல்லாஹ்," என்று மாப்பிள்ளையின் உம்மா தோளை ஓரக்கண்ணால் பார்த்தார். "அப்ப அடுத்த கிழம வந்து குளத்தப் பாக்கோணும்."

அவ்வளவுதான். சேற்றுக் குழி ஒரே நொடியில் குளமாகிவிட்டது. சம்பந்தி பார்க்க வரும் குளத்தை யார் மூடுவார்? மண் லொறி வரவில்லை. மாமி கரையைத் துப்புரவாக்கி, உட்கார இரண்டு கதிரையும் போட்டுவைத்தார். நாலு தவளைகளையும் பிடித்து அங்கேயே கொண்டுபோய் விட்டேன். பாடமாக்கிய பேச்சை இன்றுவரை ஒருவரும் முழுதாகக் கேட்டதில்லை.

ஆனால் அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் நான் வரும்வரை ஒருவரும் மூடியில் கை வைப்பதில்லை. "நூதனசாலையக் கூப்பிடுங்க!" என்று சத்தம் வரும். நான் போய், மூடியைத் தூக்கி, நாலு பக்கமும் பார்த்து, "தவள இல்ல, பிஸ்மி சொல்லுங்க," என்று அறிவிக்க வேண்டும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்படியே, பெரிய துண்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொள்வேன்.