நாக்கு நுனிச் சோதனை

சோப்புக் கட்டியின் ஓரத்தில் நாக்கு நுனியை வைத்தவள் துள்ளி விலகினாள். பேட்டரியை நக்கியது போல் சுரீரென்றது. அப்படியென்றால் சோப்பில் காஸ்டிக் சோடாவின் காரம் மிஞ்சிவிட்டது.

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். தேங்காயெண்ணெய் பாதிதான் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று மீதிக்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றினாள். அதற்குக் காஸ்டிக் சோடா குறைவாகப் போதும். குறைக்க மறந்துவிட்டாள். தோலுக்கென்று கொஞ்சம் எண்ணெய் மிச்சம் நிற்க வேண்டிய சோப்பில், தோலைத் தின்னக் காரம் மிச்சம் நின்றது.

சோப்பு நாத்தனாருக்கு. தொட்டால் சிவக்கும் தோல் அவருக்கு. தொடாமலே சிவக்கும் முகம். "கடைச் சோப்பு எனக்கு ஒத்துக்கல. நீ நல்லா பண்ணுவியாமே" என்று வந்து இறங்கி மூன்று நாளாகிறது. எட்டு வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட முதல் பொருள்.

கட்டியைத் துருவி, சூடாக்கி, மேலும் எண்ணெய் ஊற்றினாள். பயந்த கைக்கு அளவு தெரியாது. கொழகொழவென்று ஆகிவிட்டது. தாளில் சுற்றி ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தாள். இறுகியது. காரம் போய்விட்டதா என்று பார்க்க இன்னொரு முறை நாக்கை வைக்க வேண்டும். வைக்கவில்லை. தெரியாதவரை அது நல்ல சோப்பு.

மறுநாள் காலை ஃப்ரிட்ஜைத் திறந்தாள். சோப்பைக் காணோம். வெண்ணெய் மட்டும் அதே மாதிரித் தாளில் தனியாகக் கிடந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணி, சோப்பை நீங்களா எடுத்தீங்க?"

"ஆமா. நீ ஃப்ரிட்ஜ்ல ஒளிச்சு வெச்சதைப் பாத்தேன். கேட்டா இன்னும் நாலு வாரம் ஆறணும்பே."

"அது வேண்டாம் அண்ணி."

"ஏன், எனக்குக் குடுக்க மனசு வரலையா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "கண்ணுல படாம தேச்சுக்கங்க" என்றுதான் வந்தது.

சமையலறையிலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "ரொட்டிக்கு வெண்ணெய் எங்க?"

"ஃப்ரிட்ஜ்லதாங்க. தாள் சுத்தியிருக்கும்."

காதைக் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர் நின்றது. "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். குளிரா, எரிச்சலா? கொப்புளம் வெடித்த முதுகு ஒன்று அவள் கண்ணுக்குள் திரும்பி நின்றது. இனி ஆயுசுக்கும் எல்லா வீட்டு விசேஷத்திலும் அந்த முதுகைப் பற்றித்தான் பேசுவார்கள்.

"அண்ணி?"

"உயிரோடதான் இருக்கேன். தள்ளி நில்லு."

கதவு திறந்தது. நாத்தனாரின் கைகள் பளபளவென்று மின்னின. ஓரிடத்திலும் சிவப்பில்லை.

"நுரையே வரல. இதெல்லாம் ஒரு சோப்பா?" என்று ஆரம்பித்தவர், தன் முழங்கையைத் தானே தடவிப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஆனா தோலைப் பாரேன். பட்டு மாதிரி இருக்கு. அரிப்பு இருந்த இடமே தெரியல. ஊருக்குப் போறதுக்குள்ள இதே மாதிரி பத்து கட்டி பண்ணிக் குடு."

எட்டு வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டாள்.

"எண்ணெயைக் கொஞ்சம் தாராளமா விட்டேன் அண்ணி." தன் குரலில் இருந்த பெருமை அவளுக்கே புதிதாக இருந்தது.

அப்போது கடித்த ரொட்டியைக் கையில் பிடித்தபடி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு வந்து நின்றான் கணவன்.

"ஏன் இந்த வெண்ணெய் பேட்டரியை நக்கின மாதிரி சுரீர்னு அடிக்குது?"