சந்தாபுரா மெத்தை காத்த படலம்

கேளீர், சந்தாபுரா அடுக்ககத்து நூற்றிருபது குடும்பத்தாரே! வான நூல் ஒன்றும் கல்லாமலே மழையின் பூர்வோத்தரம் அறிந்தவனும், கைப்பேசியில் ரேடார் படம் பார்த்தே கார்முகிலுக்கு நாள் குறிப்பவனும், ‘நம்ம ஏரியா வெதர்’ என்னும் வாட்ஸ்அப் குழுவின் ஏகசக்கராதிபதியும், வாரநாட்களில் மட்டும் எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளுக்குப் பிழை பொறுக்குபவனுமாகிய மாவீரன் ரெமிஜியஸ், மே மாத ஞாயிறொன்றில் மொட்டைமாடியில் மெத்தைக்குக் காவல் நின்ற கதை இது. துணி காயப் போட்டிருப்போர் முதலில் போய் எடுத்துவிட்டு வந்து கேட்கலாம்.

அது வெறும் மெத்தையன்று. தங்கவயல் சுரங்கத்தில் குனிந்து குனிந்தே முதுகைத் தொலைத்த பால்ராஜ், ரெமிஜியஸின் மாமனார், இலவம்பஞ்சு மெத்தையிலன்றி வேறெதிலும் கண்ணயராதவர். தனியே சமைத்துத் தின்னும் அப்பாவை எப்படியாவது தன்னோடு இருத்திக்கொள்ள வேண்டுமென்று ரெமிஜியஸின் மனைவி நோரா இரண்டாண்டுகள் கெஞ்சியதில் மனமிரங்கி, ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்று அன்று மாலை வரவிருந்தார். பரணிலிருந்து இறங்கிய மெத்தையின் முடைநாற்றம் போக வெயில் வேண்டியிருந்தது.

மூன்று மணிக்குக் கீழ்த்திசையில் பகைவர் தோன்றினர். காலையெல்லாம் வெந்த ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து திரண்ட கருங்கொண்டல்கள், ஓசூர் முதல் மாலூர் வரை தோளோடு தோளுரச ஒரே வரிசையாய் அணிவகுத்தன. அவற்றுள் அத்திபெலே மேல் நின்ற கொண்டல் முரசறைந்து, மின்வாள் வீசி, கொட்டித் தீர்த்தது. ரெமிஜியஸின் திரையில் கனமழை காட்டும் அதன் செந்நிறம் மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாயிற்று. அப்போது ஜில்லென்று ஒரு காற்று மாடியைத் தழுவியது.

“ஏங்க, காத்து மாறுது. மெத்தைய இறக்கிடலாம், ஒரு கை புடிங்க” என்றாள் நோரா.

“அந்த மேகம் செத்துப்போச்சு நோரா. ரேடார்ல பச்சையாயிடுச்சு பாரு.”

“ரேடார் பச்சையா இருக்கட்டும். வானம் கறுப்பா இருக்கே?”

மாவீரன் குழுவில் பிரகடனம் செய்தான்: “அன்பர்களே! அத்திபெலே மேகம் மாண்டது! இக்குளிர்காற்று அதன் கடைசி மூச்சு! சந்தாபுராவுக்கு இன்று ஒரு துளியும் இல்லை!” நாற்பத்திரண்டு கட்டைவிரல்கள் உயர்ந்தன.

ஐயகோ, அரைகுறைக் கல்வியே! மடியும் மேகத்தின் மழை காற்றைக் குளிர்விக்க, குளிர்ந்த காற்று கனத்துத் தரையில் விழுந்து பரவி, முன்னே நிற்கும் வெம்மையான ஈரக்காற்றின் அடியில் புகுந்து அதைக் கடப்பாரைபோல் மேலே நெம்ப, நெம்பிய இடத்தில் மறுமேகம் பிறக்கும் என்பதையும், ஒரு மேகம் மாண்டாலும் மேகவரிசை சாவதில்லை, தலைமாற்றி நடக்கும் என்பதையும் அவன் அறிந்தானில்லை. கால்மணி நேரப் பழைய படத்தில் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் உச்சந்தலைக்கு மேலேயே பிள்ளை பிறந்துகொண்டிருந்தது.

பிறந்த பிள்ளை வீறிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் பறந்தன, எவருடைய லுங்கியோ கொடியேறியது, புளியங்கொட்டைப் பருமனில் துளிகள் பாய்ந்தன. ரெமிஜியஸ் மெத்தைமேல் குப்புற வீழ்ந்து தன் மார்பையே கேடயமாக்கினான். மெத்தை ஆறடி நீளம், அவனோ ஐந்தடி நான்கு. நோரா ஒரு முனையும் அவன் மறுமுனையுமாய் இழுத்த இழுப்பில், குடித்த நீரால் யானைக்கன்றாய்க் கனத்த அது மாடிப்படித் திருப்பத்தில் சிக்கி அசைய மறுத்தது. வரிசை மேற்கே நகர்ந்தபின்னும், அதன் வாலாகிய தூறல் இரண்டு மணிநேரம் விடாமல் தொடர்ந்தது. வென்றவன் யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

தூறலோடு வந்திறங்கிய பால்ராஜ் மெத்தையைத் தொட்டுப் பார்த்து, “பரவால்ல மாப்ள, மழை யார் சொன்னா கேக்கும்?” என்றார். நோரா புருஷனைத் திட்டக்கூட நில்லாமல் அப்பாவின் பையை வாங்கி உள்ளே கொண்டுபோனாள்.

மெத்தை காய ஒன்பது நாளாயிற்று, மாமனார் மூன்றாம் நாளே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.