பாம்பை எழுப்பி நலம் விசாரிப்பவர்

கெட்டவர்களால் வரும் தொல்லைக்குப் போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. நல்லவர்களால் வரும் தொல்லைக்கு எங்கே போய்ப் புகார் கொடுப்பது? இந்த ஒரு வசதியால்தான் அக்கறைக்காரர் என்னும் இனம் உலகமெங்கும் கேட்பாரற்றுச் செழித்து வளர்ந்திருக்கிறது. அடுப்பில் இருப்பது வெந்ததா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் தூக்குகிறவர், விதை போட்ட மறுநாளே முளை விட்டதா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கிறவர், காய்ச்சலில் கிடப்பவன் அரும்பாடுபட்டுக் கண்ணயர்ந்ததும் தோளைத் தட்டி, "நல்லாத் தூக்கம் வருதாப்பா?" என்று கேட்கிறவர். இவரை நீங்கள் பார்த்ததில்லையா? பார்த்திருப்பீர்கள். உங்களையும் அவர் ஒருநாள் தட்டி எழுப்பியிருப்பார்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத மாதிரி ஒன்று வேண்டுமென்றால், தென்னாப்பிரிக்காவில் எங்கள் ப்ளூம்ஃபோன்டைனில் இருக்கும் லௌரென்ஸ் ஓடெண்டாலைத்தான் காட்ட வேண்டும். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் தட்டாமல் உள்ளே நுழைவதற்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்ட மனிதர். ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் கரி நெருப்பு மூட்டி இறைச்சி சுடும்போது இடுக்கியை யாரிடமும் தர மாட்டார். துண்டத்தைப் புரட்டுவார், உடனே மறுபடி புரட்டுவார், நெருப்பில் படவே விடாமல் புரட்டிக்கொண்டே இருப்பார். அவருடைய மனைவியின் தம்பி டீவால்ட் பீரும் கையுமாகப் பக்கத்தில் நின்று பார்ப்பான்.

"மச்சான், அது செத்துப்போன ஆடு. இனிமே அதுக்கு ஒண்ணும் ஆயிடாது. கொஞ்சம் சும்மா விடு."

"அடி கருகிடும்டா" என்பார் லௌரென்ஸ், புரட்டிக்கொண்டே. கடைசியில் தட்டில் வருவதை மென்று முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும்.

மகள் மர்லீஸ் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருநாள் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்டாள். மறுநாள் கதவில் தாழ்ப்பாள் இல்லை.

"உள்ள மயங்கி விழுந்துட்டேன்னு வை. எப்படிம்மா கதவத் திறக்கிறது?"

"நான் எதுக்குப்பா மயங்கி விழணும்?"

"விழுந்துட்டா?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரிடம் பதில் இருக்கிறது? மர்லீஸ் வளர்ந்தாள், படித்தாள், கேப் டவுனில் வேலை தேடிக்கொண்டு போனாள். அதற்கும் அப்பால் கடல், இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் போயிருப்பாள். அங்கே வாடகை வீட்டுக்காரர் பிராணிகளை அனுமதிக்கவில்லை என்பதால், தான் வளர்த்த பாம்பைத் தகப்பன் வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

பயப்பட வேண்டாம். கைத்தடி நீளம்கூட இல்லாத, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு. பயந்தால் சீறக்கூடத் தோன்றாமல், தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்கிற சாது. கனியல் என்று பெயர், எங்கள் ஊர்ப் பேச்சில் லவங்கப்பட்டை. நிறம் அப்படி. மர்லீஸ் கையில் கனியல் வளையல் மாதிரிச் சுற்றிக்கொண்டு தூங்கும். அவள் தினமும் போன் செய்வாள். "கனியல் எப்படி இருக்குப்பா?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பாம்பைப் பற்றி விசாரித்த பிறகு, போனால் போகிறதென்று, அப்பாவையும் விசாரிப்பாள். லௌரென்ஸ் அந்தப் பாம்பைக் கண்ணின் மணியாக வைத்துக்கொள்ள இது போதாதா?

வைத்துக்கொண்டார். அங்கேதான் கனியலுக்குச் சனி பிடித்தது.

கண்ணாடித் தொட்டிக்குள் மர்லீஸ் இரண்டு குட்டிக் குடில்கள் வைத்திருந்தாள். ஒன்று வெதுவெதுப்பான பக்கம், மற்றொன்று குளிர்ந்த பக்கம். கனியல் பகலெல்லாம் ஏதாவதொன்றுக்குள் கிடக்கும். "உள்ள போய் ஒளிஞ்சிட்டா, நல்லா இருக்கா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்று லௌரென்ஸ் இரண்டையும் எடுத்தார். நன்றாகக் கழுவி, துடைத்து, பழைய பேப்பரில் சுற்றிக் கார் கொட்டகையில் ஒரு பெட்டியில் பத்திரப்படுத்தினார். அக்கறைக்காரர் எதையும் தூக்கி எறிவதில்லை. தனிமையில் வாடுமே என்று தொட்டியை டெலிவிஷனுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். ரக்பி ஆட்டம் நடக்கும்போது கூடத்தில் எழுகிற கூச்சலில் மனிதர்களுக்கே நெஞ்சு அடைக்கும். கனியல் தொட்டியின் மூலையில் பந்தாகிக் கிடந்தது. மின்வெட்டு வந்து தொட்டி குளிர்ந்தால், வெளியே எடுத்துக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொள்வார். மின்சாரம் திரும்பினால், சூடு ஏறிவிட்டதா என்று எடுத்துப் பார்ப்பார். உறைபெட்டியில் பட்டாணிப் பொட்டலத்துக்கு அடுத்து வைத்திருக்கும் இரை எலியைப் பனி உருகியபின் அப்படியே கொடுப்பாரா? "பாவம், வயித்துல சில்லுன்னு இறங்கும்" என்று உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குவார். பிறகு அதே கையால் பாம்பைத் தடவிக் கொடுப்பார். கையெல்லாம் எலி வாசனை. பசித்த பாம்பு என்ன செய்யும்?

கடித்தது. கட்டைவிரலில் ஊசி குத்தினாற்போல் வரிசையாக ரத்தப் பொட்டுகள். மறுநாளும் கடித்தது. பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் நிழல் தெரிந்தாலே கழுத்தை வளைத்து உள்வாங்கி, கொத்தத் தயாராக நிற்கும். சீறவும் கற்றுக்கொண்டது. லௌரென்ஸ் என்ன முடிவுக்கு வந்தார் தெரியுமா? அக்கறை போதவில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அவர் மகளிடம் இதைச் சொல்லவில்லை. அவர் மனைவி எல்சாபே சொல்லிவிட்டாள். அடுத்த போனில் மர்லீஸ் கண்டிப்பாகப் பேசினாள்.

"கடிக்கிற பாம்ப உங்க ரெண்டு பேர்கிட்ட விட்டு வைக்க முடியாதுப்பா. கிம்பர்லில பாம்பு வளர்க்கிறவர் ஒருத்தர் இருக்கார். ஜூலைல ஒரு வாரம் லீவுக்கு வர்றேன்ல, அப்பவும் இப்படியே இருந்தா அவர்கிட்ட குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு லௌரென்ஸ் வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுடையது என்று அந்த வீட்டில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அது போய்விட்டால் தினமும் போன் செய்ய அவளுக்கு என்ன காரணம் இருக்கும்? ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு வருகிறவள், ஒவ்வொரு தடவையும் இரண்டாம் நாளே "ஆபீஸ்ல ஒரு அவசரம்ப்பா" என்று பையைத் தூக்குகிறாள். அந்த இரண்டு நாளுமே இந்தப் பாம்புக்காகத்தானோ என்ற சந்தேகம் அவருக்கு ரொம்ப நாளாக உண்டு. கிழவர் பாம்பை எடுத்து ஆறுதல் தேடலாமென்று கையை உள்ளே விட்டார். கடித்தது.

கால்நடை மருத்துவர் டாக்டர் மோசியா நிதானமான பெண்மணி. கனியலைத் திருப்பிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், பிறகு லௌரென்ஸின் விரல்களில் இருந்த பிளாஸ்திரிகளைப் பார்த்தாள்.

"இதுக்கு நோய் ஒண்ணும் இல்ல. கோபமும் இல்ல, பயம். ஒரு நாளைக்கு எத்தன தடவ வெளிய எடுப்பீங்க?"

"கவலையா இருந்தா மட்டும்தான் டாக்டர்."

"எத்தன தடவ கவலையா இருக்கும்?"

எல்சாபே பதில் சொன்னாள். "இவர் தூங்குற நேரம் கழிச்சுக்குங்க டாக்டர், மிச்சமெல்லாம்."

டாக்டர் சிரிக்கவில்லை. "அது ஒளிஞ்சிக்க எடம் எங்க இருக்கு?"

"ஒளிய வேண்டிய அவசியம் என்ன டாக்டர்? நான் இருக்கேன்ல?"

"அதான் கேக்குறேன்" என்றாள் டாக்டர்.

வைத்தியம் சொன்னாள். குடில்கள் இரண்டும் திரும்ப உள்ளே போக வேண்டும். தொட்டியைக் கூடத்திலிருந்து ஓசையில்லாத அறைக்கு மாற்றி, மூன்று பக்கமும் கறுப்புத் தாள் ஒட்ட வேண்டும். மின்வெட்டு வந்தால் தொட்டிமேல் கம்பளி போர்த்தினால் போதும், பாம்புக்குச் சட்டை மாட்ட வேண்டாம். எலியை இடுக்கியால் கொடுக்க வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் மாற்றலாம். மற்றபடி, இரண்டு மூன்று தடவை அது தானாக இரை எடுக்கும்வரை தொடவே கூடாது.

"தொடாம எப்படிப் பாத்துக்கிறது டாக்டர்?"

"அப்படித்தான் பாத்துக்கணும்."

லௌரென்ஸ் வீட்டுக்கு வந்து கார் கொட்டகையில் பெட்டியைத் திறந்தார். குடில்கள் பேப்பர் சுற்றியபடி இருந்தன. அடியில், அதே அக்கறையோடு சுற்றப்பட்டு, மர்லீஸின் அறைத் தாழ்ப்பாளும் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போட்டார்.

அந்த வாரங்களில் அந்த வீட்டில் பாம்பு ஒன்றுதான் சுகமாக இருந்தது. தொட்டிக்குள் நுழைய முடியாத அக்கறை வேறு வழி தேடாமல் இருக்குமா? எல்சாபே வாசிக்கும்போது விளக்கை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தார். அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பி ஆறிவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தார். எங்கள் ஊரில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; பக்கத்து வீட்டுக்காரர் பனிக்காகக் கோணி போட்டு மூடிய ரோஜாச் செடிகளை, மூச்சு முட்டுமே என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே திறந்துவிட்டார்.

"லௌரென்ஸ், அந்தப் பாம்பையே எடுத்து வச்சுக்கோ. கடிச்சா நான் மருந்து போடறேன்" என்றாள் எல்சாபே.

ஆனால் பாம்பை மட்டும் அவர் தொடவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். அறை வாசலில் நிற்பார், கை நீளும், அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். மகளுக்காக அந்த மனிதர் அதையும் செய்தார்.

முதல் எலியைக் கனியல் எடுக்கவில்லை. இரண்டாவதை எடுத்தது. அடுத்ததையும் எடுத்தது. ஒரு சாயங்காலம் குடிலின் வாசலில் தலையை வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி அவரைப் பார்த்தது. கழுத்து வளையவில்லை. அவரும் மூச்சு விடாமல் பார்த்தார். இருவரும் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டது போல இருந்தது.

ஜூலையில் மர்லீஸ் வந்தாள். தொட்டிக்குள் கை நீட்டினாள். கனியல் மெதுவாக ஏறி, மணிக்கட்டைச் சுற்றி, பிறகு பக்கத்தில் நின்ற லௌரென்ஸின் கைக்கும் நழுவி வந்தது. கடிக்கவில்லை.

"அப்பா, பெரிய ஆளுதான் போங்க. கிம்பர்லிக்கு வேணாம், இங்கயே இருக்கட்டும்" என்றாள் மகள்.

இங்கே கதை முடிந்திருந்தால் லௌரென்ஸ் திருந்தினார் என்று எழுதிவிடலாம். அக்கறைக்காரர் திருந்துவாரா? பாம்பை மட்டும்தான் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். மகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்தவள் மத்தியானம் படுத்தாள். கதவு திறந்தது.

"தூங்குறியா?"

"தூங்கிட்டிருந்தேன்ப்பா."

"சரி சரி, தூங்கு." கதவு மூடியது. திறந்தது. "போர்வை போதுமா?" மூடியது. திறந்தது. "காலுக்கு உறை போட்டிருக்கியா? ப்ளூம்ஃபோன்டைன் குளிர் உனக்கு மறந்திருக்கும்." மூடியது. திறந்தது. "நீ தூங்கும்மா. நான் தொந்தரவு பண்ணல."

மறுநாளும் இதே உபசாரம். ராத்திரி சாப்பாட்டு மேஜையில் மர்லீஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அப்பா, ஆபீஸ்ல ஒரு அவசரம். நாளைக்கே கெளம்பணும் போலிருக்கு."

லௌரென்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். மர்லீஸ் சட்டென்று கழுத்தைப் பின்னுக்கு வாங்கினாள்.

கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கழுத்து வளைவு அவருக்கு நன்றாகத் தெரியும். மாதக்கணக்கில் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்தது அல்லவா? கையை மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் யாருக்கும் உருளைக்கிழங்கு எடுத்து வைக்கவில்லை. அவருக்கே உடம்பு சரியில்லையோ என்று எல்சாபே பயந்துவிட்டாள்.

விடிந்தும் விடியாத நேரம். மர்லீஸின் கதவு, வழக்கம்போல் தட்டாமலே, திறந்தது. பிறகு துளைபோடும் இயந்திரம் அலறியது. அவள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"தாழ்ப்பாள் போடறேன். நீ தூங்கு."

நாலு திருகாணி. மரத்தூளைக் கையாலேயே கூட்டி அள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "உள்ளேருந்து போட்டுப் பாரு. சரியா விழுதான்னு" என்றார், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று.

பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.

போய்க் கனியலின் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். குடிலுக்குள் வால் நுனி மட்டும் தெரிந்தது. எல்சாபே காப்பியோடு வந்தாள்.

"என்ன பண்ற?"

"சும்மா இருக்கேன்."

"முடியுதா?"

"முடியல" என்றார் லௌரென்ஸ்.

காப்பி ஆறியது. வெயில் ஜன்னலுக்கு வந்தது. மூன்று தடவை எழுந்தார், மூன்று தடவை உட்கார்ந்தார். உள்ளே மயங்கி விழுந்திருப்பாளோ என்ற எண்ணம் வராமல் இல்லை. அப்புறம் உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மர்லீஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு, கலைந்த தலையோடு, வெறுங்காலில் வந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவருடைய ஆறிப்போன காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அவசரம் ஒண்ணும் இல்லப்பா. ஞாயித்துக்கிழமையே போறேன்."

அந்த வெறுங்காலைப் பார்த்தார் லௌரென்ஸ். தரையோ ஐஸ். வாய் திறந்தது. எல்சாபே அவரை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். ப்ளூம்ஃபோன்டைன் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய தியாகம் எனக்குத் தெரிந்து நடந்ததில்லை.

சரி, நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? இதைப் படிக்கும்போது நடுவில் எழுந்து போய் அடுப்பில் பால் பொங்கிவிட்டதா என்று பார்த்தவர் யார்? படித்து முடித்ததும், இதை இன்னாருக்கு உடனே படித்துக் காட்ட வேண்டும், அவருக்கு ரொம்பப் பிரயோஜனப்படும் என்று இப்போது எழுந்திருக்கிறீர்களே, கொஞ்சம் உட்காருங்கள். அவர் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறார்.