அமைதியார் பேசிய நாள்

மேலவையில் கேள்வி நேரத்துக்கான மணி அடிக்கப்போகும் சமயத்தில்தான், தன்னுடைய கேள்வி வரிசையில் ஒன்பதாவதாக இருப்பதை அமைதியார் கவனித்தார். அந்த அவையில் ஆறாவது கேள்வியைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

வேறொரு நாளாக இருந்தால் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவர். ஆறு வருடப் பதவிக்காலத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை, ஒரு குறுக்கீடு செய்ததில்லை, மைக்கைத் தொட்டதுகூட இல்லை. இரண்டு கட்சிகளும் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி முட்டிக்கொண்டு நின்றபோது, யாரையும் பகைத்துக்கொள்ளாத ஒரு சுயேச்சை வேண்டும் என்று தேடிப் பிடித்து உட்காரவைத்த மனிதர். வாயைத் திறக்காததால் வந்த பதவியை வாயைத் திறந்து கெடுத்துக்கொள்வானேன் என்று இருந்துவிட்டார். அவையில் எல்லோரும் அவரை அமைதியார் என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சிக்கல் வீட்டில்தான் இருந்தது. யாரோ பேசிய பேச்சையெல்லாம் தன் பேச்சாக்கி, தினமும் சாயங்காலம் மனைவியிடம் முழங்கிவந்தார்.

"இன்னிக்கு நிதியமைச்சரை ஒரு பிடி பிடிச்சேன் பாரு. மனுஷன் ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சார்."

"அப்புறம் என்னாச்சுங்க?" என்று அவள் கையில் கரண்டியோடு நின்று கேட்பாள். அந்த ஆர்வத்துக்காகவே அவர் எதிரணிப் பேச்சு, ஆளுங்கட்சிப் பேச்சு என்று பேதம் பார்க்காமல் மனப்பாடம் செய்துகொண்டு போவார். மேலவையை டிவியில் காட்டும் வழக்கம் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

நம்பாதவன் ஒருவன் இருந்தான். மனைவியின் தம்பி, டைல்ஸ் கடை வைத்திருப்பவன்.

"பேப்பர்ல உங்க பேரே வரதில்லையே மாமா?"

"பத்திரிகைக்காரங்களுக்கு என்னைக் கண்டா பயம்டா."

இந்தப் பதவி வருவதற்கு முன் தொழில் நொடித்துப்போய், மைத்துனன் வீட்டு மாடி அறையில் ஒரு வருடம் குடியிருந்தவர் அமைதியார். "மாமா, ஃபேனை நிறுத்திட்டுப் படுங்க", "மாமா, குழாயைக் கொஞ்சமாத் திறங்க" என்று அவன் படுத்திய பாட்டில், பதவியோடு அரசாங்கக் குடியிருப்பு கிடைத்த அன்றே, இனி அந்த மாடிப்படியில் கால் வைப்பதில்லை என்று சபதமே செய்திருந்தார். அப்படிப்பட்டவன் முன்னால் தலை குனிவதாவது!

இன்று கூட்டத்தொடரின் கடைசி நாள். அவர் பதவிக்காலத்துக்கும் கடைசி நாள். "ஒரு தடவையாவது நீங்க பேசுறதை நேர்ல பாக்கணும்" என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். அதற்காகத்தான் முதன்முறையாக ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்திருந்தார். கூடவே மைத்துனனும் கிளம்பிவிட்டான். இருவரும் இப்போது பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் இருந்தார்கள். வாசலில் கொடுத்த நிகழ்ச்சி நிரலை மைத்துனன் எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

அமைதியார் கலங்கவில்லை. இதுகூட முடியாதா என்ற தெம்போடு எழுந்தார். கேள்வி கேட்டவர் இருக்கையில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது அவையின் விதி. முன்னால் இருக்கிற நாலைந்து பேரைக் கொஞ்சம் வெளியே அனுப்பிவிட்டால் போயிற்று.

ஆளுங்கட்சிக் கொறடா தாழ்வாரத்தில் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"நாலாவது, அஞ்சாவது கேள்வி உங்க ஆளுங்களோடதுதானே? அவங்களைக் கொஞ்சம் காத்து வாங்க அனுப்புங்களேன்."

"உங்களுக்குப் பேசக்கூட வருமா?" என்று கொறடா வாயைப் பிளந்தார். உடனே சுதாரித்துக்கொண்டார். "சரி, செய்யலாம். சாயங்காலம் மசோதா ஓட்டுக்கு வருது. ரெண்டு பக்கமும் சரிசமம். உங்க ஓட்டு எங்களுக்குத்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"நீங்க மாட்டேன்னு சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். முதல் லாபம் உங்களுக்குத்தானேய்யா" என்று கொறடா கண்ணடித்தார். கட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் லாபம் என்றுதான் சொல்வார்கள் என்று அமைதியார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்க்கட்சித் தலைவர் படிக்கட்டு அருகே நின்றிருந்தார். ஆறாவதும் ஏழாவதும் அவர் கட்சிக் கேள்விகள்.

"விட்டுக்கொடுக்கிறோம் ஐயா. ஆனா மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போடணும். உங்க மனசாட்சி இடம் கொடுக்குமா?"

"என் மனசாட்சி நான் சொன்னபடி கேக்கும்" என்றார் அமைதியார். இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. சாயங்காலத்துச் சங்கதியைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம். எட்டாவது ஆள்தான் பாக்கி.

எட்டாவது கேள்விக்குச் சொந்தக்காரர் பல் டாக்டரம்மா. அவர் கேன்டீனில் இருப்பதாக யாரோ சொல்ல, அமைதியார் இரண்டு மாடி இறங்கி ஓடினார். டாக்டரம்மா ஆற அமர காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சின்ன உதவி. உங்க எட்டாவது கேள்வியை நீங்க..."

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. அவையில் பேசுவது அங்கேயும் கேட்கும். அன்றைக்கென்று முதல் மூன்று கேள்விகளுக்கும் அமைச்சர்கள் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள்.

"கேள்வி நான்கு. உறுப்பினர் இல்லை. கேள்வி ஐந்து. உறுப்பினர் இல்லை. கேள்வி ஆறு..."

அமைதியார் பூரித்துப்போனார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதர்கள்!

"ஏழு. உறுப்பினர் இல்லை. எட்டு. உறுப்பினர் இல்லை."

"அடடா, என் கேள்வியும் போயிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "பரவாயில்ல, நான் எப்பவும் வரிசை வராதுன்னு நினைச்சு இங்கதான் இருப்பேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

"கேள்வி ஒன்பது" என்றது ஒலிபெருக்கி. "பேருந்து நிலையக் கடிகாரம் ஓடாதது பற்றி. உறுப்பினர்... அவரும் இல்லை."

அமைதியார் மூச்சிரைக்க அவைக்குள் வந்தபோது பன்னிரண்டாவது கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். மனைவி அவருடைய நாற்காலியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மைத்துனன் நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவது வரியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

மதிய இடைவேளையில் அவைத்தலைவரின் அறைக்குப் போய் நின்றார்.

"எனக்கு இன்னிக்குப் பேசணும்."

"உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?" என்று ஆச்சரியப்பட்டார் அவைத்தலைவர். "தாராளமாப் பேசுங்க. ஓய்வு பெறுற உறுப்பினருக்கு விடை உரைன்னு ஒண்ணு இருக்கே. மசோதா ஓட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கூப்பிடுறேன். அதுல யாரும் குறுக்கிடக் கூடாது, நானும் மணி அடிக்க மாட்டேன். அது இந்த அவையோட மரபு."

"எவ்வளவு நேரம் பேசலாம்?"

"அளவெல்லாம் கிடையாது. எல்லாரும் ரெண்டு நிமிஷம் பேசிட்டுக் கண்ணைத் துடைச்சுட்டு உக்காந்துடுவாங்க."

பிரச்சினை தீர்ந்தது என்று அமைதியார் நிறைவாகச் சாப்பிட்டார். பிற்பகலில் பன்னிரண்டாம் திருத்த மசோதா வந்தது. அதன் பிரதியை வழக்கம்போல் படிக்காமல், புழுக்கத்துக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் காரசாரமாக மோதிக்கொண்டபோது, விடை உரையின் முதல் வரியை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அவர் பெயர் அழைக்கப்பட்டது.

"மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தார். குரல் கணீரென்று வந்தது. அவரே எதிர்பார்க்கவில்லை. அவைக்கு நன்றி சொன்னார், ஊழியர்களுக்கு நன்றி சொன்னார், தண்ணீர் கொண்டுவந்து வைப்பவருக்கும் நன்றி சொன்னார். முடித்துவிட்டு உட்காரலாம் என்று நாற்காலியைத் தொட்டார்.

அப்போது கொறடா அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். எதிரே எதிர்க்கட்சித் தலைவர் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார். அடுத்தது ஓட்டெடுப்பு. உட்கார்ந்தால் ஒரு கையைத் தூக்கியாக வேண்டும். எந்தக் கையைத் தூக்கினாலும் ஒருவர் எழுந்து, மனைவியும் மைத்துனனும் பார்த்துக்கொண்டிருக்க, வாக்குத் தவறியவன் என்று மானத்தை வாங்குவார்.

அமைதியார் நாற்காலியிலிருந்து கையை எடுத்தார்.

"ஆனால்," என்றார், "இந்த நேரத்தில் நீர்ப்பாசனத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாமல் என்னால் விடைபெற முடியாது."

ஆறு வருடமாக மனைவிக்காகச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. நீர்ப்பாசனத்திலிருந்து கல்விக்குப் போனார். கல்வியிலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு வந்தார். எல்லாமே அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் என்றோ பேசியவைதான். "இதைத்தானே நானும் சொல்லிட்டிருக்கேன்!" என்று ஒவ்வொருவரும் தன் பேச்சு வந்ததும் மேசையைத் தட்டினார்கள். நிதியமைச்சரை அவர் ஒரு பிடி பிடித்தபோது நிதியமைச்சர் நிஜமாகவே தண்ணீர் குடித்தார்.

கொறடா கடிகாரத்தைக் காட்டினார். பிறகு கும்பிட்டார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். அவைத்தலைவரின் விரல் மணி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது. மரபு மரபுதானே.

ஐந்து மணிக்கு, அமைதியார் தெருவிளக்குகளைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவையின் நேரம் முடிந்தது. கூட்டத்தொடர் முடிந்தது, ஓட்டெடுப்புக்குப் போகாத மசோதாவும் அதோடு செத்தது. அவர் யாருக்கும் எதிராகக் கை தூக்கவில்லை. கொடுத்த இரண்டு வாக்கும் பத்திரமாக இருந்தன. என்ன மூளைடா எனக்கு என்று தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

தாழ்வாரத்தில் கொறடா அவரை வழிமறித்தார். "உமக்கென்னய்யா கிறுக்கா பிடிச்சிருக்கு? நீரெல்லாம் மனுஷனா?"

"பொதுவாழ்வுன்னா அப்படித்தான்" என்று அமைதியார் கம்பீரமாக நகர்ந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் அவரைக் கட்டிக்கொண்டு கண் கலங்கினார். "இப்படி ஒரு தியாகத்தை என் வாழ்க்கையில பாத்ததில்ல ஐயா."

ஒரு பேச்சுக்குத் தியாகம் என்பது கொஞ்சம் அதிகமாகப் பட்டாலும், அமைதியார் தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். நாளைக்கு எல்லாப் பேப்பரிலும் அவர் பெயர்தான்.

மனைவி மாடத்திலிருந்து இறங்கி வந்தாள். முகமெல்லாம் அழுகை, அதற்குள் ஒரு பெருமிதம்.

"என்னை மன்னிச்சிடுங்க. நீங்க வீட்டுல சொன்னதெல்லாம் சும்மா கதைன்னு இத்தனை நாளா மனசுக்குள்ள நினைச்சிட்டிருந்தேன். உங்க மனசு யாருக்கு வரும்?"

ஆறு வருடப் பொய் ஒரே நாளில் உண்மையாகிவிட்டது. இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? வெற்றி கொண்டவராக மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"இப்ப என்னடா சொல்றே?"

மைத்துனன் நிகழ்ச்சி நிரலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதன்முறையாகப் பணிவோடு சொன்னான்: "என்னத்தச் சொல்றது மாமா, ஓய்வு பெறுற உறுப்பினருக்கு ஆயுசு முழுக்க அரசாங்க வீடு கொடுக்கிற மசோதாவை, ஓய்வு பெறுற நீங்களே பேசிப் பேசிக் கவுத்துட்டீங்க; நம்ம மாடி ரூமைக் கூட்டி வைக்கச் சொல்லி இப்பதான் வீட்டுக்குப் போன் போட்டேன்."