எண்பதைத் தாண்டாத கார்

இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். பெரும்பகுதியை அதில் மாட்டிக்கொண்டவரே மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அவர் விழுங்கியதை அவருடைய மைத்துனன் துப்பினான். இரண்டும் ஒத்துப்போன இடங்களை அப்படியே எழுதுகிறேன். ஒத்துப்போகாத இடம் ஒன்றுதான். அதை நானே போய் விசாரித்தேன்.

அவர் லிஃப்ட் ஆய்வாளர். அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவர். கம்பி தேய்ந்திருக்கிறதா, கப்பி ஆடுகிறதா, வேகம் மீறினால் கவ்விப் பிடித்து நிறுத்துகிற கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஊரார் வேகத்துக்குக் கடிவாளம் போடுவதே பிழைப்பு. பகலெல்லாம் அடக்கி வைத்தது மாலையில் எங்காவது வெடித்துத்தானே ஆக வேண்டும்? அது அவருடைய காரில் வெடித்தது.

பார்க்கச் சாதுவான சாம்பல் நிறக் கார். ஆனால் பானெட்டுக்குள் சூப்பர்சார்ஜர் இருந்தது. அதென்னவென்று எனக்கும் அவர்தான் விளக்கினார். என்ஜின் தானாக மூச்சு இழுக்கும்வரை காத்திருக்காமல், காற்றை அதன் வாயில் திணிக்கிற பம்பு. அடம்பிடிக்கிற குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. வேண்டாம் என்றாலும் உள்ளே போய்விடும். மிதித்தால் அந்தப் பம்பு மெல்லிசாக ஊளையிடும். அந்த ஊளைக்காகத்தான் அவர் காரையே வாங்கினார்.

முன்பு அது ஒரு நில அளவையருடையது. அவர் காலமாகிவிட்டார். விற்ற மகன் சாவியைக் கையில் கொடுக்கும்போது ஒன்று சொன்னான்: அப்பா ஒருநாளும் எண்பதைத் தாண்டியதில்லை. வேறு யாராவது ஓட்டித் தாண்டினால், பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஓட்டுகிறவர் தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவார். பேச மாட்டார். தட்டுவதோடு சரி.

லிஃப்ட்காரர் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை; கேட்டுக்கொண்டார்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கேட்டுக்கொள்வதுதான் அக்காவின் தொழில். மருத்துவமனையில் மற்றவர்களின் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துச் சொல்பவர். ஃப்ரிட்ஜ் மோட்டார் அடுத்த மாதம் படுக்கப்போவதை இந்த மாதமே சொல்லிவிடுவார். மாமா பொய் சொல்ல வாயைத் திறந்தால், உதடு பிரிகிற சத்தமே அக்காவுக்குப் போதும் என்று, அவருடைய தம்பியான அந்த மைத்துனன் சத்தியம் செய்கிறான்.

கார் வந்த புதிதில் லிஃப்ட்காரர் பானெட்டைத் திறந்து எதையோ கழற்றி எதையோ மாட்டினார். அடுத்த நாள் மாமியாரை ஏற்றிக்கொண்டு போகும்போது, மலைக்குக் குறுக்கே போகிற சுரங்கப்பாதையின் நட்டநடுவில் கார் செத்துப்போனது. இருட்டில் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. இழுவை வண்டி வரும்வரை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனிதர் அந்த மௌனம் தாங்காமல், எல்லார் முன்னாலும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“இனிமே பானெட்டைத் தொட்டேன்னா, இந்தக் கார் உன்னோடது. நான் பஸ்ல போறேன்.”

“அம்மா, கேட்டுக்கிட்டீங்களா?” என்றார் அக்கா. மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். “கேட்டுது.”

அந்த வாக்கை அவர் காப்பாற்றியிருப்பார். மைத்துனன் புதுக் கார் வாங்கியதுதான் வினை. ஆற்றுக்கு மேலே போகிற நீளப் பாலத்தில் ஒருநாள் மாமாவை முந்திக்கொண்டு போனான். போனவன் சும்மா போகாமல் கையை வேறு ஆட்டினான். அன்று மாலையே லிஃப்ட்காரர் தீர்மானித்துவிட்டார்: கார் பறக்க வேண்டும். காதும் காதும் வைத்த மாதிரி பறக்க வேண்டும். யாருடைய காது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

சூப்பர்சார்ஜரைச் சுழற்றுகிற கப்பியைக் கழற்றிவிட்டுச் சின்னக் கப்பி போட்டால், பம்பு இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் திணியும். கப்பி விஷயத்தில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை அக்கா வேலைக்குப் போயிருந்தபோது, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு அதையும், பெரிய காற்று வடிகட்டி ஒன்றையும் மாட்டி முடித்தார். மிச்சம் மென்பொருள். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது நெருப்பு என்று என்ஜினுக்குச் சொல்கிற கணக்கை மாற்றி எழுத வேண்டும். அதற்கென்று ஊருக்கு வெளியே ஒரு டியூனர் இருப்பதாக இணையத்தில் கண்டுபிடித்தார். நேரில் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் செய்தியிலேயே முடித்தார். டியூனர் கோப்பை அனுப்புவார். இவர் மடிக்கணினியிலிருந்து காருக்கு ஏற்றுவார். முகம் தெரியாது, குரல் தெரியாது.

இவர் அனுப்பிய முதல் கேள்வி பெட்ரோலைப் பற்றியதல்ல. “சார், வீட்டம்மாவுக்குத் தெரியாம செய்ய முடியுமா?”

சில நாள் பதிலே இல்லை. பிறகு வந்தது. “முடியும். காரின் விவரம் அனுப்புங்கள்.”

கோப்பை ஏற்றிய அன்று மாலை, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காலித் தெருவில் ஓட்டிப் பார்த்தார். “தம்பி, முதுகு அப்படியே சீட்டுக்குள்ள புதைஞ்சுபோச்சு,” என்று அவர் எனக்குச் சொன்னபோது கண் கலங்கியிருந்தது. மைத்துனனோ, அதெல்லாம் மாமாவின் மனப்பிராந்தி என்கிறான். ஒத்துப்போகாத இடம் என்று சொன்னேனே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்தில் ஆளை மறைக்கிற மூடுபனி. முன்னால் மைத்துனனின் கார் விளக்குகள் சிவப்பாக மிதந்தன. லிஃப்ட்காரர் மிதித்தார். ஊளை எழுந்தது. பழைய ஊளை இல்லை. இன்னும் உச்சத்தில், ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி. முள் எழுபதைத் தொட்டது. எண்பதைத் தொட்டது. நின்றது.

இன்னும் மிதித்தார். சத்தம் ஏறியது, கார் ஏறவில்லை. யாரோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டே நின்ற இடத்தில் ஓடுவது போலிருந்தது. சிவப்பு விளக்குகள் சிறுத்துப் பனிக்குள் கரைந்தன. பாலத்தில் அவரும் அந்தச் சத்தமும்தான். அப்போது அவருடைய தொடையில் ஏதோ தட்டியது. இரண்டு தட்டு.

காரை ஓரமாக நிறுத்தினார். பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. காலியாகத்தான் இருந்தது. ஃபோனை எடுத்தார். அக்கா செய்தி அனுப்பியிருந்தார்: “எங்க இருக்கீங்க?” ஃபோன்தான் அதிர்ந்திருக்கிறது என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டார். வீடு வந்து சேர்கிற வழியில்தான் உறைத்தது. ஃபோன் இருந்தது வலது பையில். தட்டு விழுந்தது இடது தொடையில்.

அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போயிற்று. மாலையில் காரைக் கொட்டகையில் விட்டு, சாவியை எடுத்து, கதவைச் சாத்திய பிறகும் பானெட்டுக்குள்ளிருந்து முனகல் வந்தது. காதை வைத்துக் கேட்டார். சுரம் பிடிக்கிற மாதிரி ஒரே சீரான முனகல். கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டாற்போல் அடங்கியது. அடுத்த நாளும் அதே. மூன்றாம் நாள் தாங்காமல் அக்காவையே கொட்டகைக்கு அழைத்து வந்தார்.

“கேக்குதா?”

“என்னது?”

“முனகல். உள்ளேயிருந்து.”

அக்கா தலையைச் சாய்த்தார். முனகல் அதுபாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடி, பொறுமையாகக் கேட்டு, கண்ணைத் திறந்தார்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க.”

பேயே நேரில் வந்து வணக்கம் சொல்லியிருந்தால்கூட அவர் அவ்வளவு நடுங்கியிருக்க மாட்டார். உதடு பிரிகிற சத்தம் கேட்கிற காதுக்கு இது கேட்கவில்லை என்றால், இது உயிரோடு இருக்கிறவர்கள் போடுகிற சத்தமே இல்லை.

சின்னக் கப்பியைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டிவிட்டால் அளவையர் சமாதானமாகிவிடுவார் என்று முடிவு செய்தார். விடிந்தும் விடியாத நேரத்தில் கொட்டகைக்குப் போனார். பானெட்டில் கை வைத்தார். காரின் நான்கு கண்ணாடிகளும் ஒரே நேரத்தில், மெதுவாக, கீழே இறங்கின. உள்ளே ஆள் இல்லை. யாரோ, “என்னப்பா வேணும்?” என்று எட்டிப் பார்க்கக் கண்ணாடியை இறக்குகிற மாதிரி இறங்கின.

கையை எடுத்தார். ஸ்பேனர் எங்கே விழுந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

கொட்டகைக் கதவுக்கு நேர் எதிரே சமையலறை ஜன்னல். அக்கா அங்கே ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி நின்றிருந்தார்.

“என்னங்க, விடியறதுக்குள்ள கார்கிட்ட?”

“தூசி தட்டலாம்னு.”

“அதுக்கு ஏன் உள்ளே பாத்துக் கும்பிடறீங்க?”

அன்றே டியூனருக்குச் செய்தி அனுப்பினார். பழைய சொந்தக்காரர் காரைவிட்டு இறங்கவில்லை, எண்பதில் பிடித்து நிறுத்துகிறார், மென்பொருளில் ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். பதில் உடனே வந்தது. “என் வேலை சரியாக இருக்கிறது. எதற்கும் உங்கள் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.”

ஊரிலேயே அதற்கு நல்ல ஆள் அவர் வீட்டில்தான் இருந்தார். சனிக்கிழமை மதியம் அக்கா அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

சோதனை அறை என்பது அறைக்குள் ஒரு பெட்டி. சுவர் முழுக்கப் பஞ்சு. கதவு கையகலத் தடிமன். அதைச் சாத்தியதும் உலகத்தை யாரோ அணைத்துவிட்ட மாதிரி இருந்தது என்றார் லிஃப்ட்காரர். எச்சில் விழுங்கினால் இடி இடித்தது. சின்னக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் உதடு அசைந்தது. குரல் ஹெட்ஃபோனுக்குள் வந்தது.

“சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க. கேக்காட்டி சும்மா இருங்க. கேக்காததைக் கேட்டதா அமுக்கினா எனக்குத் தெரிஞ்சுடும்.”

பீப் என்று ஒன்று. அமுக்கினார். இன்னும் மெலிதாக ஒன்று. அமுக்கினார். பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது காதில், மிகத் தொலைவிலிருந்து, அது வந்தது. பாலத்தில் கேட்ட அதே ஊளை. அமுக்கினார்.

“ஏன் அமுக்கினீங்க? நான் எதுவும் போடலையே.”

ஊளை ஏறியது. எழுபது. எண்பது. அவர் காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார், பிரேக் இருக்கிற இடத்தில். பெட்டிக்குள் இன்னொருவர் உட்கார இடமில்லை. ஆனாலும் இடது பக்கம் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

“அவர்தாம்மா,” என்றார்.

“யாரு?”

“அளவைக்காரர். நான் பானெட்டைத் தொறந்தேன். கப்பியை மாத்தினேன். சாஃப்ட்வேர் ஏத்தினேன். அவருக்குப் பிடிக்கலை. என் தொடையில தட்டினாரு.”

கத்தரித்தாற்போல் சத்தம் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இப்ப கேக்குதா?”

“இல்ல.”

“கதவைத் தொறக்கட்டுமா?”

“தொற, தாயே.”

“சாவி?”

அவர் சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். கதவு திறந்தது. அக்காவின் மேசையில், மைக்கை ஒட்டினாற்போல் அக்காவின் ஃபோன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

“உங்க காது நல்லாத்தான் இருக்குங்க,” என்றார் அக்கா. மாமியாருக்கு அன்றே தகவல் போயிற்று.

இப்போது லிஃப்ட்காரர் பஸ்ஸில் வருகிறார். கார் அக்காவிடம் இருக்கிறது. போன வாரம் பாலத்தில் அது தன்னைத் தாண்டிப் போனதை மைத்துனன் பார்த்தான். பார்த்தான் என்று சொல்ல முடியாது. ஊளை கேட்டுத் திரும்புவதற்குள் போய்விட்டதாம். அக்கா கை ஆட்டவில்லை. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் மெல்லத் தலையாட்டினார். “அவளை அவருக்குப் பிடிச்சுப்போச்சு. அதான் விட்டுட்டாரு. ஆனா முதல் நாள் சாயங்காலம் எனக்கும் காட்டினாருடா. அந்த இழுப்பை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன்.”

அந்த ஒரு மாலைதான் அவருக்கு மிச்சம். அது நிஜமா என்று தெரிந்துகொள்ளாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. டியூனரின் பட்டறையில் காரைத் தூக்குகிற லிஃப்ட் ஒன்று ஆய்வுக்கு வந்தது. நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

டியூனர் ஒரு பெண்மணி. வயது ஐம்பதுக்கு மேல். நாளெல்லாம் என்ஜின் இரைச்சலில் நிற்பதால் கொஞ்சம் உரக்கப் பேசுகிறார். அதனாலேயே வருடம் தவறாமல் காதைப் பரிசோதித்துக்கொள்கிறார். அக்காவிடம்தான். இப்படி ஒரு மனிதர் எழுதியிருக்கிறார் என்று சோதனைக்குப் போன இடத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். அக்கா காரின் நிறத்தைக் கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் காரின் விவரம் கேட்டுப் பதில் போயிருக்கிறது.

“என்ன பெட்ரோல் போடணும்னு கேக்காம, பொண்டாட்டிக்குத் தெரியாம முடியுமான்னு கேக்கறவர் கையில அவ்வளவு சக்தியைக் குடுக்கலாமா, நீங்களே சொல்லுங்க,” என்றார்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கோப்புக்குள் இரண்டு கணக்கு இருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் முழு வேகம், பிடிக்காவிட்டால் எண்பது. எண்பது என்று சொன்னது அக்கா. வண்டி நின்ற பிறகு வருகிற முனகல், சூட்டைத் தணிக்கத் தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பு; காரோடு வந்தது, முன்பும் முனகியதுதான், இவர் காது கொடுத்ததில்லை. கண்ணாடிகள் இறங்கியது, சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா இரண்டாவது சாவியை அமுக்கிப் பிடித்ததால். சோதனைப் பெட்டிக்குள் கேட்ட ஊளை, அதே சாவியால் அக்கா காரை எடுத்து ஓட்டி ஃபோனில் பதிந்துவைத்தது.

“இடது தொடையில தட்டினது?” என்றேன்.

அவர் கோப்பைத் திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். “அதுக்கு நான் எதுவும் எழுதலையே,” என்றார்.

கடைசியாக அந்த முதல் நாள் மாலையைப் பற்றிக் கேட்டேன். ஓடுகிறபோது கார் பதிந்துவைத்து, மடிக்கணினி வழியாக அவருக்கு வந்த இழுவை வரைகோட்டைத் திரையில் காட்டினார். நானும் இரண்டு முறை சரிபார்த்தேன். லிஃப்ட்காரரின் முதுகு சீட்டுக்குள் புதைந்த அந்த மாலையில், கார் கம்பெனியிலிருந்து வந்த நாளில் இழுத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுத்திருக்கிறது.