முற்றிலும் உண்மை, ஐயா

"இன்னொரு தடவை சொல்லுங்க சார். 'முற்றிலும் உண்மை, ஐயா.' அவ்வளவுதான்" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டைரக்டர்.

கணீர் மைக்கை முறைத்தார். குரல் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. ஸ்டுடியோவில் எல்லோரும் அவரைக் 'கணீர்' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை முதலில் பரப்பிவிட்டதும் அவரேதான். அப்பேர்ப்பட்டவருக்குக் காலையிலிருந்து 'ஆமாம் ஐயா', 'அதில் என்ன சந்தேகம்' என்பதைத் தாண்டி வசனமே இல்லை.

பழைய கிரேக்கத் தத்துவ உரையாடல்களின் தொகுப்பு ஒன்றை ஒலிப்புத்தகமாக்கிக் கொண்டிருந்தார்கள். செருப்புப் போடாத ஒரு கிழ ஞானி தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேள்வி மேல் கேள்வி கேட்டு மடக்குவார். மாட்டிக்கொண்டவர் தலையாட்டுவார். தலையாட்டக் கணீர். ஞானியாக, குரலால் 'தேன்' என்று பெயர் வாங்கிவிட்ட, நேற்று வந்த ஒரு பையன்.

தேன் வாயைத் திறந்தால் டீ கொண்டுவரும் அம்மாகூட அப்படியே நின்றுவிடுவார். கணீர் பேசும்போது அந்த அம்மா ஒருநாளும் நின்றதில்லை. கணீருக்கு வயிறு எரிந்தது.

அடுத்த டேக்கில் தன் திறமையையெல்லாம் ஒரே 'ஆமா'மில் கொட்டினார். ஒரு பெருமூச்சு, ஒரு விம்மல், கடைசியில் லேசாக ஒரு சிரிப்பு.

"சார், ஆமான்னாப் போதும். அழ வேண்டாம்" என்றார் டைரக்டர்.

"எனக்குப் புல்லரிச்சிடுச்சுண்ணே" என்றான் தேன், மனதார. அதைக் கேட்டு வயிறு இன்னும் எரிந்தது.

சரி, வீட்டில் பயிற்சி எடுத்து அசத்திவிடலாம் என்று மனைவியிடம் புத்தகத்தைக் கொடுத்து ஞானியின் வசனங்களைப் படிக்கச் சொன்னார். நாலு பக்கம் ஒழுங்காகத்தான் படித்தாள். பிறகு புத்தகத்தை மடியில் வைத்துவிட்டாள்.

"இந்த வீட்ல எல்லா வேலையும் நான் ஒருத்திதானே பாக்கறேன்?"

"முற்றிலும் உண்மை."

"அப்ப எனக்கு ஒத்தாசைக்கு ஒரு ஆள் இருந்தா நல்லதுதானே?"

"அதில் என்ன சந்தேகம்!"

"எங்கண்ணன் வந்து ஒரு மாசம் தங்கினா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"வேறு எப்படி இருக்க முடியும், ஐயா!"

மறுநாள் காலையில் மச்சான் பெட்டி படுக்கையோடு வாசலில் நின்றார். ஒத்தாசையாவது ஒன்றாவது! மனிதருக்குத் தூக்கம் வராத வியாதி. இந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பகலெல்லாம் படுக்கவைத்து வைத்தியம் செய்கிறார்களாம். அதற்காகத்தான் வந்திருந்தார்.

எல்லாம் அந்தத் தேனால் வந்த வினை என்று கணீருக்குத் தோன்றியது. அன்று மதியம் அவனை அன்பொழுகக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். ஒன்றல்ல, தொண்டை கட்டும்வரை.

தொண்டை கட்டியது. மறுநாள் தேனின் குரலில் மெல்லிய கரகரப்பு. டைரக்டர் துள்ளிக் குதித்தார்.

"இப்பதான்யா கிழவர் வந்திருக்காரு!"

டீ அம்மா அன்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐஸ்கிரீம் செலவும் வீண், மானமும் போயிற்று. இனி மறைமுக வேலை எதுவும் வேண்டாம், நேராகவே கேட்டுவிடுவது என்று கணீர் ஒரு வாரம் கழித்து டைரக்டரின் அறைக்குள் நுழைந்தார். டைரக்டர் போனில், "சரி சார், மாத்திடறேன் சார்" என்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

போன் வைக்கப்பட்டதும், புத்தகத்தில் கற்ற வித்தையைக் கணீர் இறக்கினார்.

"அனுபவம் இருந்தாத்தானே குரல் பக்குவப்படும்?"

"ஆமா சார்."

"இங்க அனுபவம் யாருக்கு ஜாஸ்தி?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப ஞானியா யார் பேசணும்?"

"நீங்கதான் சார். இன்னிக்கே ஆரம்பிச்சிடலாமா?"

இவ்வளவு சுலபமாக மடக்க முடியும் என்று கணீரே நினைக்கவில்லை. அந்தக் கிரேக்கக் கிழவர் கெட்டிக்காரர்தான்.

தேனை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவன், "நீங்கதாண்ணே இதுக்குப் பொருத்தம்" என்று கையைப் பிடித்துக்கொண்டான். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும் என்று கணீர் பூரித்துப்போனார்.

கணீர் ஞானியானார். கண்ணாடிக்குப் பின்னால் ஒலிப்பதிவாளர் கண்மூடித் தலையைச் சாய்த்து லயித்துக் கிடந்தார். டீ அம்மா நிற்கவில்லை. உட்கார்ந்தே விட்டார், சுவரில் சாய்ந்து, விழி மூடி. டைரக்டர், "இதே மாதிரி, மாத்தவே மாத்தாதீங்க" என்று வாயைப் பொத்திக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் பாவம்.

மாலையில், வழக்கம்போல, அன்று பதிவானதெல்லாம் ஒலிப்புத்தகத்துக்கு ஆர்டர் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் கணீர் வீட்டுக்கு வந்தபோது மச்சான் பளபளவென்று ஹாலில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளே! உங்க குரலைக் கேட்டேன்! அந்த ஞானி நீங்கதானே?"

கணீருக்கு நெஞ்சு நிறைந்தது. மனைவி பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, "நானேதான். எங்க கேட்டீங்க?" என்றார்.

"ஆஸ்பத்திரியிலதான்! எங்களைத் தூங்கவைக்க முதல்ல யாரோ ஒரு தம்பி பேசினதைப் போட்டாங்க, ஒருத்தர் படுக்காம வார்டே எழுந்து உக்காந்து கேட்டுச்சு, டாக்டர் கடுப்பாகி ஸ்டுடியோவுக்குப் போன் பண்ணி ஆளை மாத்தச் சொல்லிட்டாரு. இன்னிக்கு நீங்க முதல் கேள்விய முடிக்கறதுக்குள்ள அத்தனை பேரும் குறட்டை விட்டுட்டோம், மாப்பிள்ளே!"